நிறவெறியை எதிர்த்து நின்ற ஐடா வெல்ஸ் அம்மையார்

மனிதரின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் பிறப்புக் காரணமன்று. அவரவர் செய்கையே காரணம் என்பது பகவன் புத்தர் உலகிற்கு அருளிய தம்மத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகும். இவ்வுண்மையை மறுத்து, பிறப்பின் பெயரால் மக்களைத் தாழ்த்தும் கொடுமை நம் நாட்டிற்கு மட்டுமே உரியதன்று. இங்கே சாதி என்னும் பெயரால் நடந்தது, அமெரிக்க நாட்டிலே நிறம் என்னும் பெயரால் நடந்தது. பெயர் வேறாயினும் அது மனித உள்ளத்தைப் புண்படுத்தும் விதம் ஒன்றேயாகும்.

நம்மவருள் சிலர் கேட்பதுண்டு. கொலை, தீவைப்பு போன்ற பெருங்கொடுமைகளை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் தேநீர்க்கடையிலே தனிக் குவளை, வாடகைக்கு வீடு கேட்டால் குலத்தை வினவுதல், அருகில் அமர்ந்தால் எழுந்து செல்லுதல் ஆகிய அன்றாட அவமதிப்புகளையெல்லாம் பொருட்படுத்தலாமா, பொறுத்துக்கொண்டு போவதுதானே அறிவுடைமை என்பர். இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர், அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியாகிய ஐடா பி. வெல்ஸ் அம்மையார். அவருடைய வரலாற்றைத் தம்ம அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று.

அடிமை வீட்டில் பிறந்த மகள்

அம்மையார் 1862ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், தச்சுத் தொழிலாளர். தாயார் எலிசபெத், சமையல் வேலை செய்தவர். இருவரும் அடிமைகள். எனவே பிறந்த குழந்தையும் சட்டப்படி மற்றொருவருடைய உடைமையாகவே இருந்தது. தாயார் இளமையிலேயே பெற்றோரிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும் பிரித்து விற்கப்பட்டவர். விடுதலை வந்தபின் தம் சுற்றத்தாரைத் தேடிக் கடிதங்கள் எழுதியும், அவர்களை அவர் காணவே இல்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1865ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தத்தின்மூலம் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கறுப்பின ஆடவர்க்குப் பின்னர் வாக்குரிமையும் கிடைத்தது. தந்தையாருடைய முதலாளி, தாம் சொன்ன கட்சிக்கே வாக்களிக்க வேண்டுமெனக் கட்டளையிட்டார். ஜேம்ஸ் அதற்கு இணங்கவில்லை. வாக்களித்துத் திரும்பியபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. அவர் வாதாடவில்லை, கெஞ்சவும் இல்லை, புதிய கருவிகளை வாங்கித் தனித்தொழில் தொடங்கிவிட்டார். இந்நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த மகள், குனியாத முதுகு இன்னதென்பதை வீட்டிலேயே கற்றுக்கொண்டாள்.

ஊரிலே விடுதலை பெற்றோருக்காக நிறுவப்பட்ட ஷா பல்கலைக்கழகம் என்னும் கல்விக்கூடத்தில் ஐடா பயின்றார். அது பின்னர் ரஸ்ட் கல்லூரி எனப் பெயர் பெற்றது. தாயாரும் வேதநூலைத் தாமே படிக்கவேண்டும் என்னும் ஆவலால் குழந்தைகளோடு பள்ளிக்குச் சென்று எழுத்துக் கற்றார். மாலைதோறும் தந்தையாருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் செய்தித்தாளைப் படித்துக் காட்டும் பணி ஐடாவினுடையது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்களின் வீட்டில், ஒரு சிறுமியின் குரலே உலகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

1878ஆம் ஆண்டு மஞ்சள் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. தாயும் தந்தையும் கைக்குழந்தையாகிய தம்பியும் மாண்டனர். ஐடாவுக்கு அப்போது 16 வயது. எஞ்சிய உடன்பிறந்தாரை ஆளுக்கொரு வீட்டிற்குப் பகிர்ந்து கொடுத்துவிடலாம் என்று தந்தையின் நண்பர்கள் கூடி முடிவு செய்தனர். அடிமைக்காலத்தில் தாயின் குடும்பம் சிதறுண்டதை அறிந்த ஐடா அதற்கு உடன்படவில்லை. தாமே அவர்களைக் காப்பாற்றுவதாகக் கூறினார். தேர்வெழுதி ஆசிரியைப் பணி பெற்று, மாதம் 25 டாலர் ஊதியத்திற்குச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் கற்பித்தார். வார இறுதியில் கோவேறு கழுதைமீது ஏறி வீடு வந்து, துணி துவைத்து, சமைத்து, மீண்டும் பள்ளிக்குத் திரும்புவார்.

இரயில் வண்டியில் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்குப் பின் அவர் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரை அடைந்து, அதன் அருகே ஆசிரியையாகப் பணியாற்றி வந்தார். 1883ஆம் ஆண்டு ஒருநாள், முதல் வகுப்புச் சீட்டு வாங்கிப் பெண்களுக்குரிய பெட்டியில் அமர்ந்திருந்தார். சீட்டுப் பரிசோதகர் வந்து, புகைபிடிப்போர் அமரும் முன்பெட்டிக்குப் போகும்படி ஆணையிட்டார். அம்மையார் மறுத்தார். பரிசோதகர் அவர் கையைப் பற்றி இழுத்தார். அம்மையார் கால்களை முன்னிருக்கையில் ஊன்றிக்கொண்டு, இழுத்த கையைப் பல்லாற் கடித்துவிட்டார். பரிசோதகர் வேறு ஆட்களைத் துணைக்கழைத்து வந்தார். எல்லாருமாகச் சேர்ந்து அவரை இழுத்தெடுத்தனர். மேலங்கியின் கை கிழிந்தது. பெட்டியிலிருந்த வெள்ளையர், பெண்மணிகளும் உட்பட, இருக்கைகளின்மேல் ஏறி நின்று கைதட்டினர். புகைப்பெட்டிக்குச் செல்வதினும் இறங்கிவிடுவதே மேலெனக் கருதி, அம்மையார் அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொண்டார்.

இழுத்தவர் சிலரே; கைதட்டியவர் பலர். ஒருவன் செய்யும் அவமதிப்பைப் பலர் வேடிக்கை பார்ப்பதும் மகிழ்வதுமே அதனைச் சமூக வழக்கமாக நிலைநிறுத்துகின்றன. நாம் இதை அறியாதவரல்லேம். 1901ஆம் ஆண்டில், தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவர் பீமராவ், மசூர் இரயில் நிலையத்தில் இறங்கினார். பிள்ளைகள் மகார் குலத்தவர் எனத் தெரிந்ததும் நிலைய அதிகாரி முகம் சுளித்து விலகியதும், வண்டிக்காரர்கள் இரட்டைக் கூலிக்கும் ஏற்ற மறுத்ததும், வழியெல்லாம் தண்ணீர் கிடைக்காததும் பாபாசாகேப் அவர்களே எழுதிவைத்த செய்திகள். கையில் பயணச்சீட்டு இருந்தும் மனிதனாக மதிக்கப்படாத நிலை, இரு நாட்டிலும் ஒன்றாகவே இருந்தது.

அம்மையார் இரயில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1884ஆம் ஆண்டு இறுதியில் கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 500 டாலர் ஈடு வழங்கியது. ஆனால் 1887ஆம் ஆண்டில் மாநில உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அவர் இருக்கைக்காக அன்றி நிறுவனத்தைத் துன்புறுத்தவே வழக்காடினார் என்று கூறி, செலவையும் அவர்மீதே சுமத்தியது. தம் மக்களுக்குச் சட்டம் துணைநிற்கும் என்று நம்பியிருந்த அவர் மனம் உடைந்தார். அந்நாளில் அவர் தம் நாட்குறிப்பில் பதிந்த துயரம், தமக்கு நேர்ந்த இழப்பைப் பற்றியதன்று. தம் இனத்தாருக்கு நீதி இல்லையே என்பதைப் பற்றியது.

இதழாசிரியர் ஆதல்

நீதிமன்றம் கைவிட்டபின் அவர் எழுதுகோலைப் பற்றினார். ஐயோலா என்னும் புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரைகள் கறுப்பின மக்களின் இதழ்கள் பலவற்றில் வெளிவந்தன. 1889ஆம் ஆண்டில், சுதந்திரப் பேச்சு என்று பொருள்படும் ஃப்ரீ ஸ்பீச் என்னும் மெம்பிஸ் வார இதழின் ஆசிரியரும் பங்குதாரரும் ஆனார். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் பாழ்பட்ட நிலையில் இருப்பதை 1891ஆம் ஆண்டில் துணிந்து எழுதினார். அதன் பயனாக ஆசிரியைப் பணியை இழந்தார். பின்னர் இதழையே வாழ்வாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று சந்தாதாரர்களைச் சேர்த்தார். எழுத்தறியாத மக்களிடம் வேறு தாள்களைக் கொடுத்து ஏமாற்றுகின்றனர் என அறிந்து, தம் இதழை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டார். எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைக் கண்டு கேட்டு வாங்கி, தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்தனர்.

மூன்று நண்பர்களின் மரணம்

1892ஆம் ஆண்டு அவருடைய வாழ்வைத் திருப்பியது. தாமஸ் மாஸ் என்பார் மெம்பிஸ் நகரில் கடிதம் வழங்குபவர், ஒழுக்கம் மிக்கவர், அம்மையாரின் உற்ற நண்பர். அவருடைய சிறுமகளுக்கு அம்மையாரே ஞானத்தாய். மாஸும் அவருடைய கூட்டாளிகளும் மக்கள் மளிகைக் கடை என்னும் கடையைத் திறந்தனர். எதிரே கடை வைத்திருந்த வெள்ளையர் ஒருவருக்கு அதனால் வணிகம் குறைந்தது. கறுப்பினச் சிறுவரும் வெள்ளைச் சிறுவரும் கோலி விளையாடியபோது எழுந்த சண்டையில் பெரியவர்கள் புகுந்தனர். அதைத் தொடர்ந்து கடையைத் தாக்கப்போவதாகச் செய்தி பரவியது. ஓரிரவு ஆயுதத்துடன் வந்தவர்களைத் தாக்க வந்த கும்பலென எண்ணிக் கடையிலிருந்தோர் சுட்டனர், மூவர் காயமுற்றனர். வந்தவர்கள் சாதாரண உடையிலிருந்த காவலர்கள் எனப் பின்னரே தெரிந்தது. பலர் சிறையிலிடப்பட்டனர். மார்ச்சு 9ஆம் நாள் விடியுமுன் ஒரு கும்பல் சிறைக்குள் நுழைந்து, தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரையும் ஊர்ப்புறத்திற்கு இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

அதுவரை அம்மையாரும் ஒரு பொய்யை ஓரளவு நம்பியிருந்தார். கும்பல்கள் கொல்வது முறையற்றதாயினும், கொல்லப்படுவோர் பெண்களைக் கெடுத்த கொடியவராகவே இருத்தல் கூடும் என்று எண்ணியிருந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். மாஸ் யாருக்கும் தீங்கு செய்தவரல்லர். கடை வைத்தார், அதில் வெற்றியும் கண்டார். அவ்வளவே அவர் செய்த குற்றம். இரயில் பெட்டியில் தம்மை இழுத்த கையும் சிறையிலிருந்து நண்பரை இழுத்த கையும் ஒன்றே என்பதை அம்மையார் அன்று கண்டார். தாழ்ந்தவர் தமக்கு இட்ட இடத்திலேயே இருக்கவேண்டும் என்பதே இரண்டிற்கும் வேர். சிறு அவமதிப்பை வழக்கமென ஏற்கும் ஊர், பெருங்கொலையையும் வழக்கமென ஏற்கப் பழகிவிடுகிறது.

நீதி கிடைக்காத நகரைவிட்டு மேற்கே குடியேறுமாறு அவர் தம் இதழில் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டனர். எஞ்சியோர் நகரத் தெருவண்டிகளில் ஏறுவதை நிறுத்தினர். வருவாய் குறைந்த வண்டி நிறுவனத்தார் இதழ் அலுவலகத்திற்கே வந்து, மின்சார வண்டியைக் கண்டு உங்கள் மக்கள் அஞ்சுகின்றனரோ என வினவினர். அது அச்சத்தாலன்று, மூவர் கொலையாலேயே என்று அம்மையார் விளக்கினார். அடுத்த ஞாயிறன்று பெரிய தேவாலயங்கள் இரண்டிற்குச் சென்று, வண்டி ஏறாமையைத் தொடருமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

உண்மையே படைக்கலம்

பெண்களைக் காப்பதற்காகவே கும்பல்கள் கொல்கின்றன என்னும் பேச்சு வெறும் போர்வையே என்று 1892ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இதழில் அவர் எழுதினார். எழுதியவர் ஆடவரே என எண்ணிய வெள்ளையர் இதழொன்று, அவரைச் சித்திரவதை செய்யவேண்டுமெனத் தூண்டியது. சில நாட்களில் ஒரு கும்பல் அலுவலகத்தை அழித்து, மீண்டும் இதழை வெளியிட முயல்வோர் உயிரிழப்பர் என எச்சரித்தது. அம்மையார் அப்போது வெளியூரில் இருந்தமையால் உயிர் தப்பினார். ஆயினும் மெம்பிஸ் நகரில் வாழும் உரிமையை இழந்தார்.

நியூயார்க்கில் டி. தாமஸ் ஃபார்ச்சூன் நடத்திய இதழில் சேர்ந்து, கும்பற்கொலைகளின் முழு விவரங்களையும் வெளியிட்டார். அவருடைய முறை எளியது. ஆயின் எவராலும் மறுக்கவொண்ணாதது. தம் மக்களின் சொல்லை உலகம் நம்பாது என அறிந்து, வெள்ளையர் இதழ்களே வெளியிட்ட செய்திகளையும் எண்ணிக்கைகளையும் திரட்டினார். இடம், நாள், பெயர், சாட்டப்பட்ட குற்றம் ஆகியவற்றை வரிசைப்படுத்தினார். கொல்லப்பட்டோருள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்மீதே பெண்ணைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டவேனும்பட்டது என்பது அவற்றால் வெளிப்பட்டது. எஞ்சியோர் வாய்ச்சண்டை, கூலி வழக்கு, முறைதவறிப் பேசுதல் போன்றவற்றிற்காகவும், ஒரு காரணமும் இன்றியும் கொல்லப்பட்டனர். 1895ஆம் ஆண்டில் வெளியான சிவப்புப் பதிவேடு என்னும் நூல் இவ்வாராய்ச்சியின் பயனாகும்.

1893, 1894ஆம் ஆண்டுகளில் அவர் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சொற்பொழிவாற்றினார். அவரை அழைத்தவர்களுள் ஒருவர் கேத்தரின் இம்பி என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவர் 1888ஆம் ஆண்டு முதல் நடத்தி வந்த சிற்றிதழின் பெயர் சாதி எதிர்ப்பு என்பதாகும். நிறவெறியைக் குறிக்க அந்நாளிலேயே அவர்கள் சாதி என்னும் சொல்லை எடுத்தாண்டது நம் சிந்தனைக்குரியது. அந்நாட்டு விடுதியிலும் வண்டியிலும் எவரும் தம் நிறத்தைப் பார்த்து விலகாதது அம்மையாருக்குப் புதிய உலகில் பிறந்தது போன்றிருந்தது. தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் ஆங்கிலேயர் வேறு முகம் காட்டியதை நாம் அறிவோம். எனினும், அவமதிப்பின்றி ஒருநாள் வாழ்தல் எத்துணைப் பெரும்பேறு என்பதை, அதை இழந்து வாழ்ந்தவரே உணர்வர்.

அதே 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உழைப்புக்கும் முன்னேற்றத்திற்கும் அங்கே உரிய இடம் அளிக்கப்படவில்லை. அதன் காரணத்தை விளக்கும் சிறுநூலை அம்மையார், ஃபிரெடரிக் டக்ளஸ் முதலியோருடன் வெளியிட்டு, எயிட்டி நாட்டு மண்டபத்தில் அமர்ந்து வந்தோர்க்கெல்லாம் வழங்கினார். அப்பொருட்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மகாசபையிலேதான் அனகாரிக தர்மபாலர் செப்டம்பர்த் திங்களில் பௌத்த தம்மத்தை எடுத்துரைத்தார். ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒருவர் எல்லா உயிர்க்கும் பொதுவான அன்பைப் போதித்தார். மற்றொருவர் அவ்வன்பு மறுக்கப்பட்டோரின் கணக்கை மக்கள் கையில் கொடுத்தார்.

உடன் நின்றோரிடையிலும்

1895ஆம் ஆண்டு சூன் திங்களில் அம்மையார், சிகாகோ வழக்கறிஞரும் இதழாசிரியருமாகிய ஃபெர்டினாண்டு பார்னெட் அவர்களை மணந்தார். கணவர் பெயரோடு தம் பெயரையும் விடாது இணைத்துக்கொண்டார். நான்கு மக்களைப் பெற்றார். கைக்குழந்தையுடன் ஊர் ஊராகச் சென்று பேசினார்.

1909ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ நகரில் ஒரு கும்பற்கொலை நிகழ்ந்தது. கைதியைக் கும்பலிடம் விட்டுவிடும் காவல் தலைவர் பதவியிழப்பார் என்பது அம்மாநிலச் சட்டம். பதவியிழந்த அவர், அதைத் திரும்பப் பெற ஆளுநரிடம் மன்றாடினார். உண்மையைத் திரட்டிவந்து எதிர்வாதம் செய்யுமாறு கணவர் வேண்டினார். முன்னின்று செய்பவரையே குறைகூறும் தம் மக்களின் போக்கால் சலிப்புற்றிருந்த அம்மையார், போக மறுத்துப் படுத்துவிட்டார். மூத்த மகன் வந்து எழுப்பி, நீங்கள் போகாவிட்டால் வேறு யார் போவார் என்னும் பொருள்படக் கேட்டான். அம்மையார் புறப்பட்டார். ஊரெல்லாம் விசாரித்து, ஆளுநர்முன் வாதாடி வென்றார்.

அவருக்கு நேர்ந்த அவமதிப்பு பகைவரிடமிருந்து மட்டும் வந்ததன்று. 1909ஆம் ஆண்டில் கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் தோன்றியபோது, அதன் தொடக்கக் குழுவின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பின்னரே சேர்க்கப்பட்டது. 1913ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பெண்களின் வாக்குரிமைப் பேரணி நடந்தது. கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கவேண்டும் என்று உடனிருந்த வெள்ளைப் பெண்களே கூறினர். அம்மையார் கூட்டத்தில் மறைந்தார். பேரணி நகர்ந்தபின் வெளிப்பட்டு, தம் மாநிலத்தாரின் அணியிலே, தமக்குத் துணைநின்ற வெள்ளைப் பெண்மணியர் இருவருடன் நடந்து சென்றார். உரிமைக்குப் போராடுவோர் தம்முள்ளேயே உயர்வு தாழ்வு கற்பித்தால், அப்போராட்டம் பாதியே மெய்யாகும்.

1919ஆம் ஆண்டில் ஆர்க்கன்சா மாநிலத்துக் கறுப்பினப் பயிர்த்தொழிலாளர் சங்கம் அமைத்ததையொட்டி எழுந்த படுகொலைக்குப் பின், பன்னிருவர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அம்மையார் நிதி திரட்டினார். பின்னர் கைதிகளின் உறவினர்போல் அவர்களுடைய மனைவிமார், தாய்மாரோடு சிறைக்குள் சென்று உண்மையைக் கேட்டறிந்தார். சாவுக்கு ஆயத்தமாவதை விட்டு விடுதலையை நம்புங்கள் என்று அவர்களைத் தேற்றினார். பலருடைய முயற்சியால் 1925ஆம் ஆண்டுக்குள் பன்னிருவரும் விடுதலையாயினர்.

நாம் கொள்ளவேண்டியவை

அம்மையார் 1931ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் சிகாகோவில் காலமானார். அவர் கிறித்தவ சமயத்தவர். இளைஞர்க்கு வேதவகுப்பு நடத்தியவர். மெம்பிஸ் கொலைகளுக்குப் பின் கைத்துப்பாக்கி வாங்கி வைத்திருந்தார். கறுப்பினத்தார் வீடுதோறும் தற்காப்புக்குத் துப்பாக்கி இருத்தல் வேண்டும் என்றும் எழுதினார். பஞ்சசீலம் ஏற்ற நாம் இதனை மறைத்தலும் தகாது, பின்பற்றுதலும் தகாது. அரசும் நீதியும் கைவிட்ட ஒரு மக்களின் துயரக் குரல் அது எனப் புரிந்துகொள்வோமாக. அவர் வாழ்நாள் முழுவதும் கையாண்ட படைக்கலம் வேறு. பொய் கலவாத, கணக்குத் தவறாத, அஞ்சாத சொல்லே அது. நம் தம்மம் அதனை நல்வாய்மை என்று எண்மார்க்கத்திலே வைத்துப் போற்றுகிறது.

அவர் கண்ட கனவு விரைவில் நிறைவேறவில்லை. டஸ்கீகி கல்வி நிலையத்தின் கணக்குப்படி 1882 முதல் 1968 வரை கும்பல்களாற் கொல்லப்பட்டோர் 4,743 பேர். அவருள் 3,446 பேர் கறுப்பினத்தவர். அவருடைய தன்வரலாற்று நூல், மகளார் ஆல்ஃப்ரெடா அவர்களின் முயற்சியால் 1970ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. 2020ஆம் ஆண்டில் புலிட்சர் சிறப்பு விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. கும்பற்கொலையைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம், ஏறத்தாழ 200 முயற்சிகளுக்குப் பின், 2022ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாளே கையொப்பமாயிற்று. அவர் இறந்து 91 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆகவே, தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு விடை தெளிவு. தனிக் குவளை சிறியதன்று. விலக்கப்பட்ட இருக்கையும் சிறியதன்று. அவை பெருங்கொடுமையின் வித்துக்கள். அவற்றைக் கண்டவிடத்துச் சினத்தால் அறிவிழக்காமலும், சலிப்பால் வாய்மூடாமலும், நடந்ததை நடந்தபடி கூறவும் எழுதிவைக்கவும் வேண்டும். எவருக்கேனும் அவமதிப்பு நேரும்போது கைதட்டுவோர் பக்கமோ, வாளா பார்த்திருப்போர் பக்கமோ நாம் நில்லாதிருத்தல் வேண்டும். நம் விகாரையிலும் நம் வீட்டிலும் நம்மினும் எளியவரை நாமே கடைசி வரிசைக்கு அனுப்பாதிருத்தல் வேண்டும்.

தண்ணீர் கேட்ட ஆனந்தருக்கு, தாம் தாழ்ந்த குலத்தவள் என்று அஞ்சி நின்றாள் ஒரு பெண். குலத்தை வினவவில்லை, தண்ணீரே வேண்டினேன் என்றார் அப்பெருந்தகை. அந்த ஒரு கைத் தண்ணீரில் அடங்கியுள்ள சமத்துவமே, கடல் கடந்த நாட்டில் ஐடா அம்மையார் ஓர் இருக்கைக்காகக் கால் ஊன்றி நின்று கேட்டதுமாகும். அதனை எல்லாருக்கும் உரியதாக்குதல் நம் கடன். எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!